புறப்புற முழவு

ராக் இசை குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஷாஜியின் 'சொல்லில் அடங்காத இசை', சாரு நிவேதிதாவின் 'கலகம் காதல் இசை', சிற்றிதழ்களில் சிதறிக் கிடக்கும் சில கட்டுரைகள். இவற்றுக்கு அப்பால் நினைவில் எழுபவை சிலவே. திரையிசையைப் பற்றி நாள்முழுதும் பேசும் நம்மவர்களுக்கு இவ்விசை பெரும்பாலும் இரைச்சல். கர்நாடக இசை அறிந்தவர்களுக்கோ இது இசையே அன்று. இவ்விரு தரப்பாரோடும் வழக்காடுவது எங்கள் நோக்கமன்று. இருபதாண்டுகளாகக் கேட்டுவந்த சில இசைத்தொகுப்புகள் எங்களுக்கு என்ன செய்தன என்பதை மட்டும் எழுதிப் பார்க்கிறோம்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது இருவர். ஒருவர் சேலத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் குப்பனூரில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டுபவர். எழுத்து முன்னவருடையது, காது பின்னவருடையது எனலாம். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

குப்பனூர் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையை எல்லோரும் அறிவர். எங்கள் ஊரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் சாலையை, அந்தப் பெரிய சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்கும்போதுதான் உலகம் நினைத்துக்கொள்ளும். அப்போது 'மாற்றுப்பாதை' என்று அம்புக்குறியிட்டுப் பலகை வைப்பார்கள். மாற்று என்ற சொல் எங்களுக்கு முதலில் அப்படித்தான் பழக்கம். 'மாற்று ராக்' என்ற தொடரை முதன்முதலில் படித்தபோது, பெரிய சாலை அடைபட்டால் போகும் வழி போலும் என்றே பொருள் கொண்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அது பெரிதும் பொருந்தாத பொருளும் அன்று.

2003 வாக்கில் மலைமேல் ஒரு காப்பித்தோட்ட பங்களாவைக் காலிசெய்தவர்கள், பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எங்களில் மைக் செட் வைத்திருப்பவருக்கு விற்றார்கள். கூடவே ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குறுந்தகடுகளைச் சும்மா தள்ளிவிட்டார்கள். யார் கேட்டவை, யார் சேர்த்தவை என்பது தெரியாது. ரேடியோஹெட்டின் 'கிட் ஏ', ஐஸ்லாந்துக் குழுவான சிகுர் ரோசின் பெயரற்ற தொகுப்பு, வெல்வெட் அண்டர்கிரவுண்டின் வாழைப்பழ அட்டை, ஜெர்மனியின் 'நொய்' என்று அதில் இருந்தவை எல்லாம் எங்களுக்கு வெறும் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், வாடகைக்குப் போகாத பெட்டிகள் இரண்டைக் கடையின் பின்பக்கம் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினோம். அன்று எங்களில் ஒருவர் முதுகலையை முடித்து வேலையின்றி இருந்த காலம். நேரம் ஏராளமாக இருந்தது.

கிதார் எங்களுக்குப் புதிதன்று. 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் சந்திரசேகர் மீட்டிய கிதாரைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுகள் எத்தனை இலட்சம் இருக்கும்! ஆயின் அங்கே கிதார் பாட்டுக்குப் பணிசெய்தது. சொல் வரும்போது அது ஒதுங்கி நிற்கும். சொல் ஓய்ந்ததும் முன்னே வந்து பேசும். பங்களாப் பெட்டியிலிருந்து வந்தவற்றில் இந்த மரியாதை இல்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'கிட் ஏ'யில் கிதாரே அரிதாக ஒலிக்கிறது. பாடகர் தாம் யார்க்கின் குரலையும் இயந்திரத்தில் இட்டு உருமாற்றியிருந்தார்கள். சில பாடல்களுக்கு அவர் சொற்களையும் தொடர்களையும் சீட்டுகளில் எழுதித் தொப்பியிலிட்டு, கையில் வந்த வரிசையில் பாடினார் என்று பின்னர் படித்தோம். அசை, சீர், தளை என்று யாப்பருங்கலக் காரிகையைப் பாடம் செய்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய அவமதிப்பாகத் தோன்றியிருக்க வேண்டும்! உண்மையில் தோன்றியது விடுதலைதான்.

அதற்குக் காரணம் உண்டு. தமிழ் படித்தவனுக்கு எந்தப் பாட்டையும் சும்மா கேட்க முடியாது. திரைப்பாடலின் இரண்டாம் அடியில் எதுகை பிசகினால் மனம் அங்கேயே நின்றுவிடும். திருப்புகழைக் கேட்டால் சந்தக் குழிப்பை எழுதிப் பார்க்கக் கை துடிக்கும். சொல்லைக் கடந்து ஒலிக்குப் போகவே முடியாதபடி பயிற்சி தரப்பட்ட காது அது. ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் எழுத்தில்தான் பழக்கம். பாட்டில் கேட்டால் பாதிக்கு மேல் பிடிபடாது. பிடிபடாதது நல்லதாயிற்று. முதன்முறையாகக் குரல் என்பது ஒரு கருவியாக, ஊதுகுழல் போலவோ வில்லிசைக் கருவி போலவோ வந்து சேர்ந்தது.

சிகுர் ரோஸ் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். 2002இல் வந்த அவர்களுடைய தொகுப்புக்குப் பெயரே கிடையாது. அட்டையில் இருப்பவை இரண்டு அடைப்புக்குறிகள், நடுவே வெறுமை. எட்டுப் பாடல்கள், அவற்றுக்கும் பெயரில்லை. பாடப்படுவது எந்த நாட்டு மொழியுமன்று. பொருளற்ற அசைகளால் பாடகர் புனைந்துகொண்டது. உடன் வரும் சிறு நூலின் பக்கங்கள் வெற்றுத்தாள்கள். கேட்பவர் தாமே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 'தன்னானே' என்றும் 'ஆராரோ' என்றும் பாடும் நம் பெண்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணங்கள் இருபதை எண்ணிச் சொல்வதும், சொற்பொருளுக்கு அப்பால் ஓசைக்கென்று ஒரு கணக்கு உண்டு என்பதால்தானே? தொகுப்பின் நடுவில் முப்பத்தாறு நொடிகள் மௌனம் வரும். முதல்முறை கேட்டபோது எங்களில் மைக் செட் வைத்திருப்பவர் எழுந்தோடிப் பெட்டியின் ஒயரை ஆட்டிப் பார்த்தார். தொழில் புத்தி.

அந்தத் தொழில் புத்திதான் எங்களை வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்குள் அழைத்துச் சென்றது. 1967இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பில், கிதார்க் கம்பிகள் பூட்டிய வியோலா ஒன்றை ஜான் கேல் இழுத்துக்கொண்டே இருப்பார், சுரம் நகராது. மற்றவை எல்லாம் அதன்மேல் ஏறி இறங்கி, முட்டி மோதி, உடைந்து விழும். கேல் அதற்கு முன்னால் லா மான்ட் யங் என்ற அமெரிக்கர் நடத்திய குழுவில் மணிக்கணக்காக ஒரே சுரத்தைப் பிடித்து வாசித்துப் பழகியவர். யங்குக்கோ நம்முடைய தம்புராவின்மேல் தீராத ஈடுபாடு. 1970இல் பண்டிட் பிரான்நாத்திடம் சீடராகவும் சேர்ந்துவிட்டார். எனவே நியூயார்க்கின் மிகப் பெரிய இசைக் கலகம் என்று சொல்லப்படுவதன் அடித்தளத்தில் நம் சுருதி ஓடுகிறது என்று பெருமை பேசலாம். அப்பெருமையில் எங்களுக்கு அவ்வளவு விருப்பமில்லை. எங்களுக்கு அந்த வியோலா தம்புராவை நினைவூட்டவே இல்லை, ஒத்தைத்தான் நினைவூட்டியது. நாயனக்காரரின் பக்கத்தில் கன்னம் உப்ப, மூச்சை உள்ளேயே சுழற்றி, விடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருக்கும் மனிதரை இன்று காண்பதரிது. சுருதிப் பெட்டி அவர் வேலையை எடுத்துக்கொண்டது. 'ஒத்து ஊதுகிறான்' என்ற வசவில் மட்டும் அவர் மிஞ்சியிருக்கிறார். அந்த வசைக்குரிய மனிதரை மேடையின் நடுவில் உட்காரவைத்தால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது அந்தத் தொகுப்பு.

அதன் கடைசிப் பாடலில் ஏறக்குறைய எல்லாமே ஊளையிடும். ஒலிவாங்கியில் நுழைந்த ஒலி பெருகிப் பெட்டி வழியே வெளிவருகிறது. வந்தது மறுபடியும் ஒலிவாங்கிக்குள் நுழைகிறது. இப்படிச் சுற்றிச்சுற்றி வளர்ந்து ஒற்றைச் சுரமாகக் கூவத் தொடங்கும். கிதாரைப் பெட்டிக்கு நேரே காட்டினாலும் இதே கதைதான். கம்பி தானாகவே அதிரும். குப்பனூரில் இதற்கு 'மைக்கு கூவுது' என்று பெயர். கூவினால் பந்தலில் உள்ள அத்தனை தலைகளும் மைக் செட்காரரை நோக்கித் திரும்பும்.

"கூவாம பாத்துக்கத்தான் நமக்குக் கூலி, வாத்தியாரே. இவன் கூவறதுக்குன்னே காசு வாங்கறான்" என்றார் எங்களில் தொழில் அறிந்தவர். சொல்லிவிட்டு அந்தப் பாடலை மறுபடியும் போட்டார்.

'நொய்' குழுவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1972இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பின் முதல் பாடலில் கிளவுஸ் டிங்கர் பத்து நிமிடத்துக்கு ஒரே தாளத்தை மாற்றாமல் வாசிக்கிறார். நீண்ட சாலையில் வண்டி ஓட்டுவது போன்ற உணர்வு என்று மேலைநாட்டு விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எங்களுக்கு அம்மாப்பேட்டை. கல்லூரிக்குப் போகும் பேருந்து அவ்வழியே ஊர்ந்து செல்லும்போது சன்னல் வழியே வருகிற விசைத்தறிச் சத்தத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. ஒன்றைக் கேட்பவர் காசு கொடுக்கிறார். மற்றொன்றைக் கேட்பவருக்குக் காது போகிறது.

இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தன. இந்தியாவிலிருந்து வந்தவற்றையும் விடவில்லை. தில்லிக் குழுவான இந்தியன் ஓஷனின் 'கந்தீசா' 2000இல் வந்தது. தலைப்புப் பாடல் கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய அரமேயத் துதி. பாடுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் அன்றாடத்தில் இல்லாத மொழி; அங்கும் நாங்கள் பத்திரமாகவே இருந்தோம். 2008இல் கேரளத்து 'அவியல்' குழுவின் தொகுப்பு வந்தபோது அந்தப் பத்திரம் சற்றே குலைந்தது. மலையாளம் பாதி புரிந்து தொலைத்தது. அதில் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டை எடுத்து முழு ராக்காக ஆக்கியிருந்தார்கள். நம் சித்தர் பாடலின் பாம்பேதான் அங்கும் ஆடியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பது போன்ற ஒரு கூச்சம் எங்களுக்கு.

பிறகு தமிழே வந்தது. இலண்டனில் பிறந்த தமிழரான சுசீலா ராமன், 2001இல் வந்த தம் முதல் தொகுப்பான 'சால்ட் ரெய்ன்' மூலம் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம்பெற்றவர். 2011இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வேல்'. முருகன் பாட்டுகளை மின்கிதாரோடு, தொண்டை கிழியும் ஆவேசத்தோடு பாடியிருந்தார். எங்களில் மைக் செட் வைத்திருப்பவர் ஒரு தைப்பூச விடியலில், யாரையும் கேட்காமல், எல்.ஆர். ஈஸ்வரிக்கும் சீர்காழிக்கும் நடுவே அதில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். ஊர்ப்பெரியவர் ஒருவர் வந்து, "யாருப்பா இந்தப் புள்ள, சாமி வந்தாப்பல பாடுது?" என்று மட்டும் கேட்டார். காவடிக்காரர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை; ஆடினார்கள். எங்களுக்குத்தான் ஏதோ சிக்கல். சொல் புரிந்துவிட்டது. புரிந்த உடனே அந்தப் பழைய தமிழாசிரியர் உள்ளே விழித்துக்கொண்டு, உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

கபேர் வாசுகியும் தென்மாவும் சென்னையில் நடத்திய 'குரங்கன்' குழுவின் பாடல்கள் கைபேசி வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தபோது நிலைமை இன்னும் கடினமாயிற்று. அது பக்தித் தமிழுமன்று, திரைத்தமிழுமன்று. டீக்கடையில் நின்று பேசும் தமிழ். பதினைந்தாண்டுகளாகச் 'சொல் முக்கியமில்லை, ஒலிதான் இசை' என்று நாங்கள் பேசிவந்தது, சொல் நம்முடையதல்லாதவரை மட்டுமே செல்லுபடியாகும் கொள்கை என்பது அப்போது தெரிந்தது.

2018 சனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது. கானா, ராப், ராக், பறை என ஏறக்குறைய இருபது பேர். 'மகிழ்ச்சி' என்ற தொகுப்பு அதே ஆண்டில் வந்தது. கச்சேரியின் காணொளிகள் வெளிவந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் கடையின் பின்பக்கம் பெட்டிகளை நிறுத்திப் போட்டோம்.

பாதியில், எங்களில் மைக் செட் வைத்திருப்பவர் எழுந்து ஒலியைக் குறைத்தார். மற்றவர் கேட்டதற்கு, "அப்பா உள்ளாற இருக்கறாரு" என்றார்.

'நாங்கள்' என்று இதுவரை எழுதிவந்த சொல் இவ்விடத்தில் இரண்டாகப் பிரிகிறது. எங்களில் ஒருவர் ஊருக்குள் வளர்ந்தவர். மற்றவர் அதற்கு அப்பால் உள்ள தெருவில் வளர்ந்தவர். அவருடைய தந்தை நாற்பதாண்டுகள் சாவுக்குத் தப்பட்டை அடித்தவர். எங்கள் பக்கத்தில் அதற்குத் தப்பட்டை என்றுதான் பெயர். பறை என்பது நூலிலும் மேடையிலும் வழங்கும் பெயர். அந்தக் குச்சிகளை மகன் தொடக்கூடாது என்பதற்காகவே, இருந்த ஆடுகளை விற்று மைக் செட் வாங்கிக்கொடுத்தார். ஒருவர் 'சோதனை முயற்சி' என்று கேட்டுக்கொண்டிருந்த ஒலி மற்றவருக்குத் தப்பித்து வந்த ஒலி. ஒருவர் சிறுவயதில் அதைத் திண்ணையிலிருந்து கேட்டார். மற்றவர் அது காய்வதற்காகத் தந்தை வைக்கோலைக் கொளுத்தும்போது பக்கத்தில் நின்றார். பிணத்துக்கு முன்னால் ஊர் எல்லைவரை நடந்து போனார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படித்தும், இது பற்றி நாங்கள் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதும் அடியார்க்கு நல்லார், தோற்கருவிகளின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறார். முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். உ.வே.சா. 1892இல் அவ்வுரையோடு சிலம்பைப் பதிப்பித்திராவிட்டால் இப்பெயர்களிற் பலவற்றை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். பட்டியலோடு அவர் நிற்கவில்லை; வகைப்படுத்துகிறார். மத்தளம் முதலிய உத்தமக் கருவிகள் அகமுழவு. தண்ணுமை, தக்கை முதலிய மத்திமக் கருவிகள் அகப்புற முழவு. கணப்பறை முதலிய அதமக் கருவிகள் புறமுழவு. இவற்றுக்கும் வெளியே ஒரு வகை உண்டு: புறப்புற முழவு. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு நெய்தற்பறை, அதாவது சாவுப்பறை. ஒரு வீட்டில் மணமுழவும் மற்றொரு வீட்டில் சாவுக்குரிய நெய்தலும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடியபோது இரண்டும் இரு வீட்டு ஒலிகளாகவே இருந்தன. பல நூற்றாண்டு கழித்து உரையாசிரியர் காலத்தில் ஒன்று அகத்திலும் மற்றொன்று புறத்துக்கும் புறத்திலுமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை எங்களில் ஆசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறார். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "யாருக்குப் புறம், ஐயா?" என்று கேட்டாள். உரையில் அதற்கு விடையில்லை.

ஆக, மேலைநாட்டுத் தொகுப்புகளில் நாங்கள் பரிசோதனை என்று கொண்டாடியவை எவை? நகராத சுரம், கூவும் பெட்டி, பொருளற்ற அசை, மாறாத தாளம். ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு வேலையாள் ஏற்கெனவே இருந்தார். அங்கே அது அழகியல் கலகம். இங்கே யாரோ ஒருவருடைய கூலி. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் புதிய ஒலி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று குறை சொல்லும் இசை நண்பர்கள் உண்டு. அது ஒருவகையில் உண்மையே. கிதார் வாசிப்பில் எங்களுக்கும் பெரிய வியப்பு ஏதுமில்லை. சில இடங்களில் அது திரைப்படப் பின்னணியிசை போலப் பணிவாக ஒதுங்கியும் போகிறது. தொகுப்பைவிடக் கச்சேரிப் பதிவுகள் மேல். இசைவாணியின் கானாக் குரல் மேடையில் எழும்புவது போல் ஒலிப்பதிவுக் கூடத்தில் எழும்பவில்லை என்பது எங்கள் எண்ணம். ஆயின் அவர்கள் செய்த சோதனை ஒலியில் இல்லை. புறப்புறத்தில் இருந்ததை எடுத்து நடுவில் வைத்தார்கள். வைத்துவிட்டுக் கூட்டத்தைச் சுற்றிலும் நிற்கவைத்தார்கள். இதற்கு ஈடான துணிச்சல் வாழைப்பழ அட்டைக்குள்ளும் இல்லை.

எங்களில் மற்றவருக்கு இதில் உடன்பாடு பாதிதான். 1980, 90களில் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் மக்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்து, அதற்காக அடியும் பட்டார்கள். விடுவதே விடுதலை என்றது ஒரு தரப்பு. இழிவு கருவியில் இல்லை, அடிக்கச் சொல்பவனிடம் இருக்கிறது; எனவே நாமே எடுத்து நமக்காக அடிப்போம் என்றது மற்றொரு தரப்பு. 1990இல் தொடங்கிய திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையோடு மேடையேறினார்கள். இவ்விவாதம் புத்தகங்களில் முடிந்துவிட்டது போலத் தோன்றும். 2020 டிசம்பர் முதல் 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது; 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. ஆனால் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் அது முடியவில்லை. "மேடையில அடிக்கறவன் அடிச்சு முடிச்சுட்டு எறங்கி வீட்டுக்குப் போறான், வாத்தியாரே. எங்கப்பன் அடிச்சு முடிச்சுட்டுக் குழி வெட்டணும்" என்றார் அவர். நாங்கள் அதற்குமேல் அன்று பேசவில்லை.

பெரியவரின் காதில் அது விழாமலில்லை. ஒலியைக் குறைத்த பிறகும் கதவருகே வந்து நின்றார்.

"எழவு யாரூட்டுல?"

"எழவு இல்லீங்கப்பா. மெட்ராஸ்ல கச்சேரி."

"கச்சேரியா? சனம் உக்காந்து கேக்குதா?"

"உக்காந்தும் கேக்கறாங்க. நின்னு ஆடவும் ஆடறாங்க."

கைபேசியின் சிறு திரையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவர், "அடி சுத்தமாத்தான் இருக்குது. சூடு பத்தல" என்றார். சற்று யோசித்து, "அவன் காய்ச்சித்தான் இருப்பான். உன் பொட்டிக்குள்ளாற பூந்து வரக்குள்ள ஆறிப்போவுது" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். மகனுக்குத் தொழிற்பெருமை புண்பட்டதோ, வேறு எதுவுமோ, உடனே எழுந்து பெட்டியின் மேல்சுரத்தைக் கூட்டிப் பார்த்தார். "இப்ப?" என்றார். பெரியவர் தலையசைத்தார், ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

அந்த உரையாடலைப் பற்றி நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். இழிவு, விடுதலை, மீட்பு என்று எங்கள் இருவரிடமும் இருந்த சொற்கள் எதையும் அவர் பயன்படுத்தவில்லை. ஒரு வாசிப்பாளர் மற்றொரு வாசிப்பாளரைக் கேட்பது போலக் கேட்டார். தோலின் சூட்டைப் பற்றிப் பேச எங்களுக்குத் தெரிந்த விமர்சகர்கள் யாரும் முன்வந்ததில்லை.

அதன்பின் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காரத் தொடங்கினார். பழைய வழக்கப்படி எங்களில் ஆசிரியரைச் 'சாமி' என்று விளித்தவரைக் கெஞ்சிக் கெஞ்சி 'சார்' வரை கொண்டுவந்திருக்கிறோம். பெயரைச் சொல்ல மட்டும் இன்றுவரை வாய் வரவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காருகிறார், ஓரத்தில். சிகுர் ரோஸ் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒப்பாரி என்றால் யார் செத்தார் என்று சொல்ல வேண்டாமா என்பது அவர் கட்சி. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மோரீன் டக்கர் உட்காராமல் நின்றபடியே, முனை உருண்ட கோல்களால் முரசை அடிக்கும் படத்தைக் காட்டினோம். "பொம்பளப் புள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டு, நின்று அடித்தால்தான் தோளில் விசை வரும் என்று விளக்கினார். ஜான் கேலின் வியோலாவைக் கேட்டு, ஒத்துக்காரன் தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று சிரித்தார்.

சென்ற மாதம் 'நொய்' போட்டோம். மூன்று நிமிடம் கழிந்தபோது பெரியவரின் வலக்கை விரல்கள் இரண்டு பெஞ்சின்மேல் தாளத்துக்கு இடையே, அது விழாத இடங்களில், தட்டத் தொடங்கியிருந்தன. மகன் அதைக் கண்டும் காணாதவர் போல ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இவன் மாத்தவே மாட்டானா?" என்று கேட்டார் பெரியவர்.

"இன்னும் ஏழு நிமிசம் இப்படியேதான் போவும்."

"ஓடட்டும், ஓடட்டும்."